கருப்பு இறக்கும் பிரிண்டர்

விளக்கு வைத்துக் கால்மணி நேரம் ஆகியிருக்கும், கரண்ட் போய்த் தெரு மொத்தமும் இருட்டில் முங்கிக் கிடந்தபோது, ரூபவதி வீட்டு முன்னறையில் யாரோ நொங்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கட்டைவிரலால் கண்ணைக் குத்தி, வாயை வைத்து, கடைசிச் சொட்டும் தங்காமல் இழுக்கிற அதே சத்தம். இழுத்து முடித்ததும் ஒரு நிறைந்த மூச்சு. அது நொங்குக் காலமும் இல்லை, ஐப்பசி மாதம். பத்து மாதக் குழந்தை செவ்வந்தியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுப்படியில் நின்ற ரூபவதிக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் அவள் பயந்த சுபாவம். குக்கர் விசிலுக்குப் பயம், மாமியாரின் தொண்டைச் செருமலுக்குப் பயம், குழந்தை அழுதால் பயம், அழாமல் தூங்கினால் அதைவிடப் பயம். இருந்தாலும் போனாள். போன் வெளிச்சத்தில் பார்த்தால் முன்னறையில் ஆள் இல்லை. தையல் மிஷின் மேஜைமேல் பிரிண்டர் மட்டும் உட்கார்ந்திருந்தது, பிடுங்கிப் போட்ட வயர் பூனைவால் மாதிரித் தொங்க, திருட்டுத்தனமாய்த் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்ட முகத்தோடு.

அது அந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சிவகாசியில் அச்சு என்றால் நாலு கலர் ஆப்செட் மிஷின், ஒரு வீட்டைவிட நீளமானது, அது ஓடினால் தெருவே அதிரும். அந்த ஊர்ப் பச்சைப்பிள்ளை கையில் ஒரு தாளைக் கொடுத்தால்கூட முதலில் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கனம் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில் வீட்டு உபயோகத்துக்கு ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் விலைபோகுமா என்று ஸ்டேஷனரிக் கடை ஆவுடையப்பனுக்குச் சந்தேகம். மாதிரிக்கு வந்த ஒன்றையும், இருபது கேள்வி அச்சடித்த படிவம் ஒன்றையும் ரூபவதியிடம் கொடுத்து, "முப்பது நாள் ஓட்டிப் பாத்து உள்ளது உள்ளபடி எழுதிக் குடும்மா. கான்வென்ட்ல படிச்ச புள்ள, நீ எழுதினா கம்பெனிக்காரன் மறுபேச்சுப் பேச மாட்டான். எழுதி முடிச்சிட்டா மிஷின நீயே வச்சுக்க" என்று சொல்லியிருந்தார்.

படிவத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று சிஸ்டர்கள் பிரம்பைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது அவள் எலும்பில் ஊறியிருந்தது. முதல் தாள் வெளியே வர எத்தனை விநாடி என்று குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே எண்ணினாள். தாள் எத்தனை தடவை சிக்கியது, வைஃபை எத்தனை தடவை அறுந்தது, சிவப்பு எப்படி, மஞ்சள் எப்படி எல்லாவற்றையும் எழுதினாள். சத்தம் என்ற கேள்விக்கு, "ஓடும்போது குறைவு. ஓடாதபோது நொங்கு உறிஞ்சும் சத்தம்" என்று அன்றைக்கு ராத்திரியே எழுதிவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் கண்ணாடிமேல் செவ்வந்தியின் வளையல்கள் கிடந்தன. முந்தின நாள் தடுப்பூசி அட்டையை நகல் எடுக்கும்போது குழந்தை கையிலிருந்து கழற்றி அங்கேயே மறந்து வைத்தவை. திருஷ்டிக்காகப் போட்ட கருவளையல்கள். இப்போது அவை வடித்த சோறு மாதிரி வெளுத்துக் கிடந்தன. பிரிண்டரின் பக்கத்தில் நாலு தொட்டி, நாலு மை. மற்ற மூன்றும் இருந்த இடத்தில் இருக்க, கருப்புத் தொட்டியில் மட்டும் மை இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. ஒருதடவை நடந்தால் அது சோதனை ஆகாது என்று சயின்ஸ் சிஸ்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு ரூபவதி குடையை மடக்கி வைத்தாள், உறிஞ்சியது, குடை வெளுத்தது, மை ஏறியது. வாணலியின் அடியை வைத்தாள், அதுவும் அப்படியே. பிளக்கைச் செருகினாலும் செருகாவிட்டாலும் ஒன்றுதான். மைச் சிக்கனம் என்ற கேள்விக்கு, "கருப்பு மை குறைவதில்லை, கூடுகிறது" என்று எழுதி, அடியில் கோடு போட்டாள்.

அதற்குள் தெருவில் பெரிய மிஷின்காரர்கள் ஒவ்வொருவராக இந்தச் சின்ன மிஷினைச் சோதித்துப் போக வந்துகொண்டிருந்தார்கள். தங்கையா அண்ணாச்சி முப்பது வருஷம் ஆப்செட்டில் நின்றவர். சட்டைப்பையில் பேனா இருக்கிற இடத்தில் புள்ளி பார்க்கிற லென்ஸ் வைத்திருப்பார். ரூபவதி அச்சடித்த ரோஜாப்படத்தை வெயிலில் பிடித்து லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பொட்டு ஒழுங்குல நிக்கல தாயி. கேப்பையக் கொட்டி விட்ட மாதிரி செதறிக் கெடக்கு. ஆனா கருப்பு ஜோர். இம்புட்டுக் கருப்பு எங்க மிஷின்லயே விழாது. மை எங்க வாங்குன?"

"அதுவா ஊறுது அண்ணாச்சி."

"ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆதார் அட்டையை நகலெடுக்கக் கண்ணாடியில் வைத்தார். அட்டை வளைந்திருந்ததால் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார். உறிஞ்சியது. கையை எடுத்தபோது முப்பது வருஷமாக நகக்கண்ணில் ஏறிப் போயிருந்த மை ஒரு பொட்டுகூட இல்லை, கையும் மணிக்கட்டு வரை இரண்டு சுற்று வெளுத்திருந்தது. அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "இது எம் மகன் கை மாதிரில்ல இருக்கு" என்றார். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிட்டு எழுந்து, சோற்றில் மை கழுவுகிற மண்ணெண்ணெய் வாடை அடிக்காமல் ஒரு நாள் தின்றேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அவர் நகத்தைப் பற்றிச் சொன்னார். தெருவோ மணிக்கட்டைப் பார்த்தது.

முதலில் வாய்திறந்தவள் ரூபவதியின் மாமியார் சந்தனமாரி. "கைய வச்சா கை வெளுக்குதுன்னா, மூஞ்சிய வச்சா மூஞ்சி வெளுக்கும்" என்றாள், அரிசிக்குக் கல் பொறுக்குகிற நிதானத்தில். அதோடு அந்தத் தெருவில் அது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு இறக்கலாம் என்றுதான் கேட்டார்கள். எந்த நிறத்தையும் நூற்றுக்கு இத்தனை புள்ளி என்று பேசியே பழகிய ஊர் அது. மாம்பழ லேபிளில் மஞ்சளைக் கூட்டச் சொல்வதுபோல, சாமி காலண்டரில் நீலத்தைக் குறைக்கச் சொல்வதுபோல, தாய்மார்கள் பெண்ணின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "நெத்தில பதினஞ்சு பர்சென்ட் எறக்குனாப் போதும், கழுத்துல இருவது" என்று கணக்குச் சொன்னார்கள். கல்யாணத் தரகர் வந்து, முகூர்த்தத்துக்கு நாலு நாள் முந்தி இறக்கினால்தான் வெளுப்பு படியும் என்று ஒரு விதி சொன்னார், எல்லோரும் அவர் பரம்பரையாகச் சொல்லி வருவதுபோலத் தலையாட்டினார்கள். சனிக்கிழமை இறக்கக்கூடாது என்று ஒரு விதி வந்தது, தலைகுளித்துவிட்டு வரவேண்டும் என்று ஒரு விதி வந்தது. கருப்பசாமி கோயில் பூசாரியிடம் கேட்டபோது அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே, "சாமிக்கு ஆச்சேபண இல்ல. ஆனா அவரக் கொண்டுபோயி அந்தக் கண்ணாடில வச்சிராதீங்க, அம்புட்டுத்தான்" என்றார். பால்காரர் மாடசாமி எருமையை இழுத்துக்கொண்டு வந்து, பசுவாக்கித் தரச் சொல்லிச் சண்டை போட்டார். அதன் ஒரு காதுக்குத்தான் கண்ணாடியில் இடம் இருந்தது, அன்றிலிருந்து ஒற்றைக் காது வெளுத்த எருமை அந்தத் தெருவில் போய்வந்துகொண்டிருக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சந்தனமாரி லேபிள் கழிவில் எண் எழுதி டோக்கன் போட்டு, நாற்காலியை வாசல்நிலை ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆள் வருகிற வீட்டில் கதவைச் சாத்தினால் வருகிற நல்லதும் திரும்பிப் போய்விடும் என்று அவள் சொன்னதால் அந்தக் கதவு விடிந்ததிலிருந்து அடையும் வரை விரியத் திறந்தே கிடந்தது. ரூபவதி யாரோ ஒருத்தர் தலைக்கு மேலாகக் கையை நீட்டித்தான் தன் வீட்டு ஆணியிலிருந்து துண்டை எடுத்தாள், யாரோ ஒருத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

"மிஷின் ஒன் வீட்லதான இருக்கு, நீயும் ஒரு நாளு வச்சுக்கயேன்டி" என்று மாமியார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். ரூபவதியும் கருப்புதான். கான்வென்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் நாடகத்திலும் மற்ற பிள்ளைகளுக்குத் தேவதை வேஷம், இவளுக்கு ராத்திரி வேஷம். கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வசனமும் இல்லாமல் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். வெளுக்க ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மூடிக்குக் கீழே ஓடுகிற அந்த வெளிச்சத்தைக் கண்டால் பயம். அந்தப் பயம் அவளைக் காப்பாற்றியது என்பது பின்னால்தான் தெரிந்தது.

இருபத்திரண்டாம் நாள். படிவத்தில் பதினேழாவது கேள்வி: வேறு வேறு தாள்களில் எப்படி அச்சாகிறது? ரூபவதியின் புருஷன் கருப்பசாமி, ஒரு பிரஸ்ஸில் அச்சுப் பிளேட் எடுக்கிறவன். அவன் கொண்டுவந்து போட்டிருந்த ஆர்ட் பேப்பர் கழிவை எடுத்து, தாள் முழுக்கக் கருப்பு அடித்துப் பார்த்தாள். வழவழப்பு பூசிய அந்தத் தாளில் மை உள்ளே இறங்காமல், கிணற்றுத் தண்ணீர் மாதிரி மேலேயே நின்றது. காயட்டும் என்று மேஜையில் பரப்பிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டாள். மாமியார் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்திருந்த, டோக்கன் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில்தான், "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் யாரும் இல்லை. "அக்கா, இங்கதான் நிக்கேன்" என்றது குரல். மறுபடி பார்த்தபிறகுதான் கதவோரத்தில் பாண்டீஸ்வரி நிற்பது தெரிந்தது.

காலண்டர் பட்டறையில் தாள்களுக்கு மேலே தகரப் பட்டை அடிக்கிற பெண், இருபத்திரண்டு வயது. டோக்கன் போட்ட முதல் நாளே முப்பது பர்சென்ட் இறக்கிக்கொண்டவள். மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இருந்தது, கண் இருந்த இடத்தில் கண் இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் கண்ணிலிருந்து வழுக்கிப் போனது.

"என்னடி ஆச்சு ஒனக்கு?"

"பஸ் நிக்க மாட்டேங்குதுக்கா. கைய நீட்டுறேன், டிரைவர் என்னைத் தாண்டிப் பாத்துட்டுப் போயிர்றாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூணு தடவ வந்து பாத்துட்டாங்க. பொண்ணு புடிச்சிருக்கு, வீட்டுக்குப் போனா மொகம் ஞாபகத்துக்கு வரல, இன்னொரு தடவ பாத்துக்குறோம்ங்கிறாங்க. எங்கம்மா என்ன செஞ்சா தெரியுமா, கண்ணுல இன்னுங் கொஞ்சம் மையத் தீட்டி விட்டா."

"சரியாப் போயிரும்டி."

"இல்லக்கா." பாண்டீஸ்வரி மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள். "நேத்து ராத்திரி எங்கம்மா எல்லாருக்கும் சோறு போட்டா. எனக்குப் போடல. நான் அவ முன்னாடிதான் உக்காந்திருந்தேன்."

பிரஸ்ஸிலிருந்து வந்து குளிக்கிறபோது கருப்பசாமி எப்போதோ சொன்னது, நிறத்துக்கு ஒன்றாகப் போடுகிற நாலு பிளேட்டில் கருப்புப் பிளேட்டை மட்டும் மறந்துவிட்டால் படம் எல்லா நிறத்தோடும் விழும், ஆனால் தாளில் நிற்காது, மிதக்கும் என்பது, ரூபவதியின் காதில் புதிதாக விழுந்தது. அவள் தொட்டிலைப் பார்த்தாள். செவ்வந்தி நாவல்பழ நிறம். எத்தனை இருட்டிலும் அந்த இருட்டைவிட ஒரு சுற்று அடர்த்தியாகக் கிடப்பாள், கையை நீட்டாமலே தாய்க்குத் தெரியும், இதோ என் பிள்ளை என்று. இந்தப் பிள்ளையை மறந்துவிட்டு நான் ஒரு நாள் சோறு தின்பேனா?

"அக்கா!" என்று கத்தினாள் பாண்டீஸ்வரி. ஊன்றிய கையின் கட்டைவிரல் காயாத ஆர்ட் பேப்பரில் பட்டிருந்தது. பட்ட இடத்தில் தாள் வெள்ளையாகிவிட்டது, தாளில் இருந்த கருப்பு விரலுக்குள் இறங்கிவிட்டது. துடைத்துப் பார்த்தாள், மை இல்லை, தோல். ரேகை ரேகையாய், மடிப்பு மடிப்பாய், தகரம் கிழித்த பழைய தழும்போடு, ஒரு கட்டைவிரல் அந்த மங்கல் கைக்கு நடுவில் ஊன்றி நின்றது. அவள் அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, "என் வெரலுக்கா, என் வெரலு" என்று அழுதாள். குழந்தை விழித்து அந்த விரலை மட்டும் பார்த்துச் சிரித்தது.

"யார்ட்டயும் சொல்லாத" என்றாள் ரூபவதி. "இல்ல, சொல்லு. ஒன்ன மாதிரி இருக்குற புள்ளைகள்ட்ட மட்டும் சொல்லு."

அன்று சாயங்காலமே சந்தனமாரி தேதி குறித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் செவ்வந்திக்கு முடியெடுத்துக் காதுகுத்து. வியாழக்கிழமை பத்து மணிக்கு மேல் குழந்தையைக் கண்ணாடியில் கிடத்துவது. "கொஞ்சமாத்தான் எறக்கப் போறோம். பத்து பர்சென்ட்."

"வேண்டாம் அத்த" என்றாள் ரூபவதி, அம்மிக்குக் கேட்காத குரலில்.

"என்ன வேண்டாம்? என்னைய மூணு எடத்துல வந்து பாத்துட்டு, பஜ்ஜியத் தின்னுட்டு, கருப்புன்னு சொல்லிட்டுப் போனானுக. நாலாவதா வந்த மனுசனும் கல்யாணப் போட்டோவ ஒரு நாளும் செவத்துல மாட்ட விட்டதில்ல. நான் பட்டதெல்லாம் எம் பேத்தியும் படணுமா? கையில மருந்து இருக்கும்போது குடுக்காதவ தாயாடி?" சந்தனமாரியின் கண் கலங்கியிருந்தது. அதுதான் ரூபவதியை மிகவும் பயமுறுத்தியது. கெட்டவர்களை எதிர்த்து நிற்க அவளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாசமாகக் கையை நீட்டி வருகிறவர்களை எதிர்க்க ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ராத்திரி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், சோற்றுத் தட்டை, பஸ்ஸை, கட்டைவிரலை. "கருப்பில்லாம படம் நிக்காதுங்கிறது வாஸ்தவந்தான்" என்றான் கருப்பசாமி. பிறகு, "அம்மாட்ட யாரு சொல்றது" என்றான். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டான். காலையில் வேலைக்குப் போகிறவன், எதற்கு என்று சொல்லாமல், முழுதாக ஒரு கட்டு ஆர்ட் பேப்பரை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தான்.

அப்புறம் ரூபவதி பயப்படுவதை நிறுத்தவில்லை, பயத்தை வேலைக்கு வைத்துக்கொண்டாள். யார் எப்போது வருகிறார்கள், எந்தப் படியில் நிற்கிறார்கள், மாமியார் நாற்காலியை விட்டு எப்போது எழுகிறாள் என்பதையெல்லாம் பயந்தவளுக்குத்தானே தெரியும். கருப்புத் தொட்டியைப் பார்த்தாள். மை மேல்கோட்டைத் தாண்டி, மூடியைத் தூக்கிக்கொண்டு, தோசைமாவு பொங்குவதுபோல் உப்பி நின்றது, ஆனால் சிந்தவில்லை. எத்தனை பெண்களின் கருப்பு அதில் கிடக்கிறது என்று மாமியாரின் டோக்கன் நோட்டில் எண்களைப் பார்த்து எண்ணினாள். திருப்பி ஏற்ற ஒரு முகத்துக்கு மூன்று தாள், கழுத்துக்கு ஒன்று, கைக்கு இரண்டு. இந்த மிஷின் ஒரு தாள் முழுக்கக் கருப்பு அடிக்க எடுக்கும் நேரம் ஒரு நிமிஷம் பத்து விநாடி என்று அவளே சோதித்து எழுதியிருந்தாள். தொட்டி வற்ற வேண்டும், அடிவரை வற்ற வேண்டும், வற்றியபின் அதில் ஒருத்தியின் கருப்பும் மிச்சம் இருக்கக்கூடாது. அதற்கு மத்தியானம் வரை ஆகும். அதுவரை யாரும் உள்ளே வரக்கூடாது.

வியாழக்கிழமை காலையில் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்தாள். இந்த பிரிண்டரை வீட்டு உபயோகத்துக்குப் பரிந்துரைப்பீர்களா? இல்லை என்று எழுதினாள். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில், "நம்மிடம் இருப்பதை எடுத்து நமக்கே மையாகக் கொடுக்கிறது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, படிவத்தை மடித்தாள்.

ஒன்பதரைக்கு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சந்தனமாரி பேத்திக்குப் பட்டுப்பாவாடை எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் டோக்கன் கிடையாது, எங்க வீட்டு விசேஷம், சும்மா பாத்துட்டுப் போங்க என்று நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்காலை உரசிக்கொண்டு, தங்கையா அண்ணாச்சியின் தோளை இடித்துக்கொண்டு, தரகரின் குடைக்குக் கீழே குனிந்து, பாண்டீஸ்வரி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இருபது பர்சென்ட், முப்பது பர்சென்ட், நாற்பது பர்சென்ட் இறக்கிய பெண்கள், இன்னும் எட்டுப் பேர், நெற்றியில் பொட்டு வைத்து, தலைநிறையப் பூ வைத்து, பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நடந்து வந்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒருத்தியின் அம்மா, மகள் மிதித்த காலைத் தூக்கித் தடவிக்கொண்டு, எறும்பு கடித்துவிட்டது என்றாள்.

ஒன்பது பேரும் சுவரோரமாக வரிசையாய் உட்கார்ந்தார்கள். ரூபவதி ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் குரல் வந்த இடத்தைப் பார்த்து மனசில் பதித்துக்கொண்டாள். ஆர்ட் பேப்பரைத் தட்டி, விசிறி, மிஷினின் தாள்தட்டில் வைத்தாள்.

"நேரமாச்சு" என்று சந்தனமாரி உள்ளே வந்தாள். தொட்டிலில் குனிந்தாள்.

ரூபவதி குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். "வைக்க மாட்டேன் அத்த."

"என்னது?"

"எம் புள்ளைய வைக்க மாட்டேன். இனி யார் புள்ளையையும் வைக்க மாட்டேன்."

சந்தனமாரி அவளை ஆட்டுரல் பேசியதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள், ரூபவதி ஒரு எட்டுப் பின்னால் போனாள். மறுபடி நீட்டினாள், இன்னும் ஒரு எட்டு. "பத்து பர்சென்டு தானடி" என்றாள் கெஞ்சுகிற மாதிரி.

"பத்து பர்சென்ட் கொறஞ்சா நான் அவளப் பத்து நாளைக்கு ஒரு தடவ மறந்துருவேன் அத்த. அந்த ஒரு நாள் போதும்."

"இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு" என்று சந்தனமாரி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். கூட்டம் ஆமாம் போட்டது. "ஏலே கருப்பசாமி! எங்கடா இருக்க? வந்து ஒம் பொண்டாட்டிட்ட இருந்து புள்ளைய வாங்கு!" வெளியே அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான், வேலைக்குப் போனவன் பாதியில் திரும்பி வந்திருந்தான். அவன் நகரவில்லை. ஒரு தடவை கூப்பிட்டாள், இரண்டு தடவை கூப்பிட்டாள், மூன்றாம் தடவை ஆத்திரம் தாங்காமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு, அவன் காதைப் பிடித்து இழுத்துவர, நிலைப்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

ரூபவதிக்குக் கதவு நாலு எட்டு. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையால் கதவு. அந்தக் கதவு அத்தனை நாள் திறந்தே கிடந்து மழை ஈரத்தில் உப்பியிருந்தது, நிலையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. வெளியிலிருந்து யாரோ தள்ளினார்கள். அவள் தோளைக் கொடுத்தாள், போதவில்லை. அப்போது அவள் முதுகில் ஒரு கை பதிந்தது, பக்கத்தில் இன்னொரு கை, அதற்கு மேல் இன்னொரு கை, பார்த்தால் தெரியாத கைகள், பதினெட்டுக் கைகள், அத்தனையும் சூடாக, அத்தனையும் கனமாக, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் மட்டும் கன்னங்கரேலென்று. கதவு நிலையில் போய் உட்கார்ந்தது. வெளியே, "ஏத்தா, தொற! ரூபா, தொறடி!" என்ற சத்தம், மேஜைமேல் நொங்கு உறிஞ்சக் காத்திருக்கிற மூச்சு, தோளில் செவ்வந்தியின் எச்சில் வழிகிற சூடு. ரூபவதி தாழ்ப்பாளின் குமிழைப் பிடித்துத் தூக்கி, துருவோடு சேர்த்து இழுத்து, கொண்டிக்குள் கடைசிவரை தள்ளினாள்.